கோயம்புத்தூரும் பலாலியும் திருச்சியிலிருந்து ஒரே தூரம்

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, ஏழாம் வகுப்பு படிக்கும் பையன். சமூக அறிவியல் வீட்டுப்பாடம் என்று வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவன், பாடத்தை விட்டுவிட்டு கவராயத்தை எடுத்து வட்டம் போட ஆரம்பித்துவிட்டான். "அப்பா, திருச்சியில முள்ளைக் குத்தி பென்சிலைக் கோயம்புத்தூர்ல வச்சு சுத்தினா, அது நேரா அம்மம்மா வீட்டு மேல போகுதுப்பா" என்றான். அம்மம்மா வீடு சுன்னாகத்தில், யாழ்ப்பாணம். பள்ளிக்கூட வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் பத்து இருபது கிலோமீட்டர் போய்விடும், அதனால் நான் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் மேப்பைத் திறந்து இரண்டு விமான நிலையங்களுக்கும் அளந்து பார்த்தேன். திருச்சி விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 184 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியும் சுமார் 184 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக மாமனார் வீடு என்றால் ஏதோ உலகத்தின் மறுகோடி மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். கோயம்புத்தூருக்கு நாங்கள் ஒரு கல்யாணம் என்றால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பியிருக்கிறோம். யாழ்ப்பாணத்துக்குக் கிளம்புவதென்றால் பத்து நாள் முன்னாலேயே பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவோம்.

நேரடி விமான சேவை வருவதற்கு முன்னால் நாங்கள் போன வழியைச் சொன்னால்தான் இது புரியும். திருச்சியில் விமானம் ஏறி கொழும்பு, அதாவது கட்டுநாயக்கா. அது நேர்கோட்டில் 417 கிலோமீட்டர் தெற்கே. யாழ்ப்பாணத்தைத் தாண்டி, வன்னியைத் தாண்டி, அனுராதபுரத்தைத் தாண்டி, புத்தளத்தையும் தாண்டிப் போய் இறங்கி, அப்புறம் அங்கிருந்து பஸ் பிடித்து ராத்திரி முழுக்க வடக்கே வந்த வழியே திரும்ப வரவேண்டும். அது ஒரு 400 கிலோமீட்டர் பக்கம். 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரைக்கும் ரயில் திரும்ப ஓட ஆரம்பித்த பிறகு ரயிலிலும் போயிருக்கிறோம், முதுகுக்குக் கொஞ்சம் நல்லது, நேரம் ஒன்றும் பெரிதாக மிச்சமாகாது. ஆக 184 கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு 800 கிலோமீட்டர் சுற்றிப் போனோம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் 15, 16 மணி நேரம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பதை இதைவிட நேரடியாக யாரும் செய்து காட்ட முடியாது.

2019 அக்டோபர் 17-ல் பலாலியை யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று பேர் வைத்துத் திறந்தார்கள், நவம்பரில் சென்னையிலிருந்து விமானம் வர ஆரம்பித்தது. வீட்டில் ஒரே கொண்டாட்டம். அடுத்த கோடை விடுமுறைக்குப் போகலாம் என்று திட்டம் போட்டோம், அதற்குள் 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. மறுபடி 2022 டிசம்பரில்தான் சென்னை சேவை தொடங்கியது. ஆனால் எங்களுக்குச் சென்னை என்பதும் ஒரு சுற்றுதான். தெற்கே போகிறவன் முதலில் 300 கிலோமீட்டர் வடக்கே போய், அங்கிருந்து 350 கிலோமீட்டர் தெற்கே பறக்கவேண்டும். 2025 மார்ச் 30-ல் இண்டிகோ திருச்சியிலிருந்தே பலாலிக்கு ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தை விட்ட பிறகுதான் அந்த 184 கிலோமீட்டர் உண்மையிலேயே 184 கிலோமீட்டர் ஆனது. கிட்டத்தட்ட.

இந்தக் 'கிட்டத்தட்ட'தான் இந்தப் பதிவு. ஏனென்றால் அதில் நான் மாமனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழா சமயம் பார்த்து டிக்கெட் போட்டிருந்தேன். மாமா போனில் கேட்டார், எத்தனை மணிக்கு வந்து இறங்குவீர்கள் என்று. டிக்கெட் மெயிலைத் தேடிப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சோம்பேறித்தனம். கையில் இருந்த போனில் 'திருச்சி யாழ்ப்பாணம் விமான நேரம்' என்று தேடினேன். இப்படித் தேடினால் முதலில் வந்து நிற்பதற்கென்றே சில தளங்கள் இருக்கின்றன, எந்த இரண்டு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்தாலும் தூரம் இவ்வளவு, பறக்கும் நேரம் இவ்வளவு என்று ஒரு பக்கம் தயாராக வைத்திருக்கும். அது 44 நிமிடம் என்றது. நானும் மாமாவிடம் "முக்கால் மணி நேரம்கூட இல்லை மாமா, 44 நிமிஷம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன், ஏதோ நானே ஓட்டிக்கொண்டு வரப்போவது போல.

மாமா ஓய்வுபெற்ற கணக்காளர். கிளம்பும் நேரத்தோடு 44-ஐக் கூட்டி, அதற்கும் அரை மணி முன்னாலேயே ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு பலாலிக்குப் போய் நின்றுவிட்டார். நாங்கள் வெளியே வந்தபோது வெயிலில் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். "நாப்பத்திநாலு நிமிஷம் எண்டு சொன்னியள் தம்பி, நான் ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை நிக்கிறன்" என்றார். ஓட்டோக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். அவருக்கென்ன, காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த 44 எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. இந்த மாதிரிக் கணக்குகளில் வழக்கமாக ஜெட் விமானத்தின் வேகம் என்று மணிக்கு 800 கிலோமீட்டர் வைத்துக்கொள்வார்கள். 184-ஐ 800-ஆல் வகுத்து நிமிடமாக்கினால் 14. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஓர் அரை மணி நேரம். 14-உம் 30-உம் 44. முடிந்தது கணக்கு. அந்தப் பாதையில் எந்த விமானம் ஓடுகிறது, விமானம் ஓடுகிறதா இல்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் திருச்சி – கோயம்புத்தூர் என்று போட்டுப் பாருங்கள், அதற்கும் அதே 44 நிமிடத்தைக் கூசாமல் சொல்லும். திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்கு யார் விமானத்தில் போகிறார்கள்?

பலாலிக்குப் போவது ஜெட் கிடையாது. ஏடிஆர் 72, இரண்டு பக்கமும் விசிறி சுற்றுகிற விமானம், 78 இருக்கை. அது நன்றாகப் பறந்தாலே மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம்தான். அந்த வேகத்தில் 184 கிலோமீட்டருக்கு 22 நிமிடம். ஆனால் அந்த வேகம் மேலே ஏறிச் சமமாகப் பறக்கும்போதுதான். இந்தத் தூரத்தில் சமமாகப் பறப்பதற்கு எங்கே இடம் இருக்கிறது? ஏறி முடித்து கொஞ்ச நேரத்தில் இறங்க ஆரம்பித்துவிடுகிறார்கள். டவுன் பஸ்ஸில் மூன்றாவது கியர் போட்டதும் அடுத்த நிறுத்தம் வந்துவிடும் இல்லையா, அந்தக் கதைதான்.

அடுத்தது நேர்கோடு. வரைபடத்தில் பையன் போட்ட கோடு திருச்சியிலிருந்து தென்கிழக்கே போகிறது. பட்டுக்கோட்டைக்குக் கொஞ்சம் தெற்கே, மல்லிப்பட்டினம் பக்கம் கரையைத் தாண்டி, பாக் நீரிணைக்கு மேல் போய், காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கரையைத் தொடும். அளந்து பார்த்தால் பாதி நிலம், பாதி கடல். இதில் பூமி உருண்டை என்பதால் வருகிற வளைவைப் பற்றியெல்லாம் கவலைப்படத் தேவையில்லை. சென்னையிலிருந்து லண்டன் போனால்தான் தட்டையான வரைபடத்துக் கோடும் உண்மையான மிகக் குறுகிய பாதையும் வேறு வேறாகத் தெரியும், 184 கிலோமீட்டருக்கு அது பொடிக் கணக்கு. நேர்கோட்டைக் கெடுப்பது பூமி இல்லை, காற்று.

திருச்சி ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து ஏறுவதைத்தான் விரும்பும். நாங்கள் போனதோ ஆடி முடிகிற சமயம். திருச்சியில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று காவிரிப் பாலத்தில் டூவீலர் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அது மேற்கிலிருந்து வருகிற காற்று. அதனால் விமானம் யாழ்ப்பாணத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக, மேற்கே பார்த்து ஓடி ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் "அப்பா, கோயம்புத்தூருக்குப் போகுதுப்பா" என்று கத்திவிட்டான். முன் சீட்டில் இருந்த ஒரு பெரியவர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வளைந்து திரும்பியது. இந்த வளைவு தூரம் எந்தத் தளத்தின் கணக்கிலும் வராது. ஆனால் அதே காற்று போகும்போது முதுகைப் பிடித்துத் தள்ளும், வரும்போது முகத்தில் அடிக்கும். போகும்போது தரையை விட்டதிலிருந்து தரையைத் தொட்டது வரை 36 நிமிடம் என்று பையன் கையில் எழுதி வைத்திருந்தான். திரும்பி வரும்போது 41. அம்மியை நகர்த்துகிற காற்றுக்கு ஏடிஆர் எம்மாத்திரம்.

சரி, 36 நிமிடம்தான் பறந்தது என்றால் டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறான் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் இல்லை. நிறுத்திவைத்த இடத்தில் சக்கரத்துக்குக் கொடுத்த கட்டையை எடுத்த நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் திரும்பக் கட்டையைக் கொடுக்கிற நொடி வரைக்கும் உள்ள நேரம். ஆங்கிலத்தில் இதற்குப் பேரே பிளாக் டைம். ஓடுதளம் வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பிறகு ஊர்ந்து வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். அதோடு தாமதமானாலும் சொன்ன நேரத்துக்குள் வந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ளக் கொஞ்சம் கூடுதலாகவும் வைப்பார்கள், எல்லா ஊர் விமான நிறுவனங்களும் செய்கிற வேலைதான், ரயில்காரர்கள் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் இருபது நிமிடம் சும்மா வைப்பதில்லையா. விமானத்தில் அடிக்கடி சொல்வார்கள், குறித்த நேரத்துக்கு முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம் என்று. கை தட்டாதீர்கள்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்தால் பயண நேரம் வந்துவிடும் என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. திருச்சிக்காரனுக்கு விமானம் என்றாலே சிங்கப்பூர்தான், அங்கே போகும்போது கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம் காட்டும், வரும்போது ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்ட மாதிரி காட்டும், நடுவில் இரண்டரை மணி நேர வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, இரண்டு ஊருக்கும் ஒரே நேரம். ஆனால் எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1996-ல் மின்சாரத் தட்டுப்பாடு என்று இலங்கையில் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி நம் நேரத்துக்கே திரும்பி வந்தார்கள். இடைப்பட்ட பத்து வருஷமும் புலிகள் வசமிருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. மாமி இப்போதும் சில சமயம் பேச்சுவாக்கில் "அது பழைய நேரம் பத்து மணி" என்பார். முதல் தடவை கேட்டபோது நான் ஏதோ ராகு காலக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

ஏடிஆரில் ஏறாதவர்களுக்கு ஒரு விஷயம். பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறவேண்டும், பெட்டிகள் முன்பக்கம் போகும். அதனால் கடைசி வரிசைக்காரர்கள் முதலில் இறங்குவார்கள். முன் வரிசைக்குக் கூடுதல் காசு கொடுத்து சீட் வாங்கியவர்கள் கடைசியாக இறங்கி, குடியேற்ற வரிசையிலும் கடைசியில் நிற்பார்கள். நான் வாங்கியது மூன்றாவது வரிசை. நடு இருக்கை என்று ஒன்று கிடையாது, இரண்டிரண்டாகத்தான் உட்காரவேண்டும், இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலில் எதுவும் மறைக்காது. உயரமும் அவ்வளவு ஏறுவதில்லை, தென்னந்தோப்பு தோப்பாகவே தெரிகிறது. பட்டுக்கோட்டைப் பக்கம் கஜா புயலில் போன தோப்புகளுக்குப் பதில் வைத்த கன்றுகள் எது, தப்பித்த மரம் எது என்றுகூட ஒரு மாதிரி ஊகிக்கலாம், உயரமும் குட்டையுமாகத் தெரியும். அப்புறம் இடது கைப்பக்கம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கரும்பச்சையாக, கரையும் கடலும் எங்கே பிரிகிறது என்று சொல்ல முடியாதபடி. அதற்கப்புறம் கடல். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், பெரிய கப்பல் எதுவும் குறுக்கே போகாது. சேற்றுப் பச்சை, அப்புறம் வெளிர் பச்சை, நடுவில் புள்ளி புள்ளியாகப் படகுகள்.

மனைவி அந்தப் பதினைந்து நிமிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. 1990-ல் ஆறு வயதில் இதே கடலை எதிர்த்திசையில் படகில் தாண்டி வந்தவள். ராத்திரி ஏறி விடிகாலையில் ராமேஸ்வரம் கரை, இடுப்பளவு தண்ணீரில் அவளுடைய அப்பா தோளில் தூக்கிவந்தாராம். முகாம், அப்புறம் திருச்சி, பள்ளிக்கூடம், கல்லூரி, நான். மாமாவும் மாமியும் 2012-ல் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவளிடம் எதையாவது கேட்டு வைக்கவேண்டாம் என்று நான் நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் பிரித்துப் பையனிடம் கொடுத்தேன். பிரித்து முடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லி விளக்கு எரிந்துவிட்டது.

பலாலி வடக்குக் கடற்கரையை ஒட்டிய இடம், கடல் முடிந்த கையோடு ஓடுதளம் வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகப் போட்டது. போர் முடிந்ததும் பொதுமக்கள் விமானம் வர ஆரம்பித்தது, 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோன் தன் முதல் விமானத்தை விட்டதே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான், ஒரு டகோட்டா விமானம். அதாவது இலங்கையின் சொந்த விமான நிறுவனம் விட்ட முதல் வெளிநாட்டுப் பாதையில் கொழும்புக்கு அடுத்த நிறுத்தம் யாழ்ப்பாணம். அப்புறம் போர் வந்தது, பலாலி ராணுவ முகாமானது, சுற்றிலும் பலாலி, வசாவிளான், மயிலிட்டி என்று ஊர் ஊராக மக்கள் வெளியேற்றப்பட்டு உயர் பாதுகாப்பு வலயம் ஆனது. அதில் கொஞ்சம் விட்டிருக்கிறார்கள், விடாத காணியும் இன்னும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து வெளியே வரும் வழியில் செம்மண்ணும் பனையும் கூரையில்லாத சுவர்களும்தான் முதலில் கண்ணில் படும். திருச்சியில் 2024-ல் திறந்த புது முனையத்தின் கோபுரச் சிற்பங்களையும் வர்ணங்களையும் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் இங்கே வந்து நின்றால் கொஞ்சம் பேச்சு வராது.

நிலையம் சின்னது. அதனால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைத்தேன், 78 பேரும் ஒரே நேரத்தில் இறங்கினால் சின்ன இடமும் பெரிய வரிசையும்தான். எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா பட்டுப்புடவைகளாக ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார், மகள் கல்யாணத்துக்காம், சுங்க அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க, அந்த அம்மா ஒவ்வொன்றும் யாருக்கு என்று உறவுமுறையோடு விளக்க, சித்தப்பா பெண்சாதி வரைக்கும் வந்ததும் அதிகாரியே போதும் என்று கையைக் காட்டிவிட்டார்.

இப்போது முழுக் கணக்கு. எங்கள் வீடு கே.கே. நகர். விமான நிலையம் கால் மணி நேரம். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே கிளம்பினோம், பறக்கப்போவது அரை மணி நேரமானாலும் அமெரிக்கா போனாலும் குடியேற்ற வரிசை ஒன்றுதான். டிக்கெட்டில் ஒரு மணி நேரம். பலாலியில் வெளியே வர முக்கால் மணி. மாமாவின் ஓட்டோவில் சுன்னாகத்துக்கு இருபத்தைந்து நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலே. 184 கிலோமீட்டரை அதால் வகுத்தால் மணிக்கு 35, 36 கிலோமீட்டர். டிவிஎஸ் 50 வேகம்.

இன்னொன்றும் கவனியுங்கள். திருச்சியில் பஸ் ஏறி கரூர், காங்கேயம், பல்லடம் என்று கோயம்புத்தூருக்குப் போக எத்தனை நேரம்? ஐந்து மணி நேரம். தூரமும் ஒன்று, நேரமும் ஒன்று. ஒன்று பஸ், ஒன்று விமானம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறதே என்று சொல்வீர்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. கடலில் நான்கு மணி நேரம். திருச்சியிலிருந்து நாகைக்குப் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழைக்காலத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவை அதிலும் போகவேண்டும் என்று பையன் பிடிவாதமாக இருக்கிறான், எனக்கு வயிற்றைப் பிரட்டும், பார்க்கலாம். மாமாவைக் கேட்டால் இதெல்லாம் ஒரு பயணமா என்பார். அவருடைய அப்பா காலத்தில் போட் மெயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கிருந்து திரும்ப ரயில், டிக்கெட் ஒரு தடவை எடுத்தால் போதும். அந்த ரயில் திருச்சி வழியாகத்தான் போகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போனபிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் விட்டார்கள், அதுவும் எண்பதுகளில் நின்றது.

இத்தனையையும் நான் மாமாவிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன், 14 கூட்டல் 30, ஏடிஆரின் வேகம், ஆடிக்காற்று எல்லாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். கணக்கில் ஒரு இடத்தில் திருத்தம் போட்டார், நான் 184-ஐ 500-ஆல் வகுத்ததில் 23 என்று எழுதியிருந்தேன், அடித்து 22 என்று போட்டார். "இனி வரேக்கை டிக்கெட்டிலை இருக்கிற நேரத்தை மட்டும் சொல்லுங்கோ தம்பி. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். மாமி அடுப்படியிலிருந்து, "பிள்ளையைப் பிறகு கணக்குக் கேக்கலாம், முதல்லை சாப்பிட வரச்சொல்லுங்கோ" என்றார். ஒடியல் கூழ். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே வேண்டாம்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து கோயம்புத்தூரில் மனைவியின் சித்தி மகளுக்கு வளைகாப்பு. பஸ்ஸில் போனோம். காங்கேயம் தாண்டி எங்கேயோ பாலம் வேலை, ஒருவழிப் பாதை, லாரிகள். ஐந்து மணி நேரம் முடிந்தபோது பல்லடம்கூட வரவில்லை. பையன் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தவன், "இந்நேரம் அம்மம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம்ப்பா" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, சுன்னாகத்திலிருந்து போன். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன பிள்ளை, இன்னும் போய்ச் சேரேல்லையோ? இஞ்சை வந்திருந்தாச் சாப்பிட்டு முடிச்சு ஒரு நித்திரையும் கொண்டிருப்பியள்."

பக்கத்து சீட்டுக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். பையன் முந்திக்கொண்டு, "கோயம்புத்தூர் அளவு தூரம்தான் அங்கிள், ஆனா அந்தப் பக்கம்" என்றான்.